அகப்பகை கண்ட அறிஞர்

மனிதன் மனிதனை ஏன் வருத்துகின்றான்? பசித்த புலி மானைக் கொல்வதற்குக் காரணம் கேட்பாரில்லை. மனிதனோ பசியின்றியும் கொல்கின்றான். முன்பின் கண்டறியாதவனையும் பகைக்கின்றான். வீழ்ந்து கிடப்பவனை மேலும் மிதிக்கின்றான். இதற்குக் காரணம் யாது என்னும் வினா அறநூலார்க்கும் சமயநூலார்க்கும் தொன்றுதொட்டு உரியதாயிருந்தது. நம் முன்னோர் காமம், குரோதம், உலோபம், மோகம், மதம், மாற்சரியம் என்னும் ஆறனையும் உட்பகை எனக் கொண்டனர். வள்ளுவர் வெகுளாமைக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். ஆயின், இவ்வினாவுக்கு ஒரு வைத்தியர் நோயாளரின் உள்ளத்தையும் தம் உள்ளத்தையும் அகழ்ந்து விடைகாண முற்பட்டமை அண்மைக்காலத்து நிகழ்ச்சியாகும். அவ்வைத்தியரே வியன்னா நகரத்துச் சிக்மண்ட் பிராய்டு.

பிராய்டு என்றவுடன், எல்லாவற்றுக்கும் காமமே மூலமென்று கூறியவர் என்னும் எண்ணமே பலர்க்கும் எழுகின்றது. அவர் தம் முதுமையில் பகைமையைப்பற்றி ஆராய்ந்து கண்டவற்றை அறிந்தோர் நம்மிடையே சிலரே. அக்கருத்தை அவர் விரும்பி ஏற்றவருமல்லர். அறுபது வயதைக் கடக்கும்வரை அதற்கு இடங்கொடாது விலக்கியே வந்தார். போரும் இழப்பும் நோயுமே அவரை அம்முடிவுக்கு இட்டுச் சென்றன. ஆதலின், அவர்தம் கொள்கையை அவர்தம் வாழ்க்கையினின்றும் பிரித்துக் கூறுதல் பொருந்தாதெனக் கண்டு, இரண்டனையும் ஒருங்கே ஈண்டுக் கூறப்புகுகின்றேன்.

இளமைப் பருவம்

பிராய்டு 1856ஆம் ஆண்டு மே மாதம் 6ஆந் திகதி, அந்நாளில் ஒஸ்திரியப் பேரரசுக்குட்பட்டதும் இந்நாளில் செக் நாட்டிலுள்ளதுமான மொறேவியாவிலே, பிரைபேர்க் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் யாக்கோபு கம்பளி வணிகர், யூத குலத்தினர். யாக்கோபுக்கு முந்திய திருமணத்தாற் பிறந்த வளர்ந்த ஆண்மக்கள் இருந்தனர். அவருள் ஒருவரின் மகன் ஜோன் என்பான் சிக்மண்டிலும் ஒருவயது மூத்தவன். எனவே, சிறிய தந்தை இளையவனாகவும் பெறாமகன் மூத்தவனாகவும் அவ்வீட்டில் ஒரு புதுமை நிகழ்ந்தது. இருவரும் பிரியாது விளையாடினர், பிரியாது சண்டையுமிட்டனர். ஆருயிர் நண்பன் ஒருவனும் வெறுத்தற்குரிய பகைவன் ஒருவனும் தம் வாழ்நாள் முழுவதும் தமக்கு வேண்டியிருந்தனரென்றும், சிலகாலம் இருவரும் ஒருவராகவே அமைந்தனரென்றும், இதன் வேர் அக்குழந்தைப் பருவத்து நட்பிலேயே உள்ளதென்றும் பிராய்டு பிற்காலத்தில் எழுதினார்.

அவர்க்கு இரண்டு வயது நிறையுமுன் யூலியஸ் என்னும் தம்பி பிறந்து சில திங்களில் இறந்தான். அக்குழந்தையைத் தாம் பொறாமையுடனும் தீய விருப்பத்துடனும் வரவேற்றதாகவும், அது இறந்தபோது குற்றவுணர்ச்சி தம் உள்ளத்தில் வித்தாக விழுந்ததாகவும் 1897இல் நண்பரொருவர்க்கு வரைந்த கடிதத்தில் அவர் குறித்துள்ளார். தன் நெஞ்சிற் கிடந்த இத்தகைய கசட்டை மறையாது எடுத்துக்காட்டும் துணிவு எல்லார்க்கும் வாய்ப்பதன்று.

குடும்பம் 1859இல் லைப்சிக்குக்கும், அடுத்த ஆண்டில் வியன்னாவுக்கும் பெயர்ந்தது. சிக்மண்ட் பத்துப் பன்னிரண்டு வயதினராயிருந்தபோது, தந்தையார் தம் இளமையில் நேர்ந்த ஒன்றைக் கூறினார். ஒருநாள் அவர் புதிய தொப்பி அணிந்து வீதியிற் செல்லுகையில், எதிரே வந்த ஒருவன் அத்தொப்பியைச் சேற்றிலே தட்டிவிட்டு, யூதனே நடைபாதையை விட்டிறங்கு என்று அதட்டினான். நீங்கள் என்ன செய்தீர்கள் என மைந்தர் வினவ, இறங்கித் தொப்பியை எடுத்துக்கொண்டேன் என்று தந்தையார் அமைதியாக விடையிறுத்தார். காலம் முன்னிலும் நன்றாயிற்றென்பதை உணர்த்தவே அவர் அதனைக் கூறினார். மைந்தரின் உள்ளமோ அதனால் ஆறவில்லை. உரோமரைப் பழிவாங்குவேனெனத் தன் மகன் ஹனிபாலைச் சபதஞ் செய்வித்த கார்த்தேஜ் நகரத்துத் தளபதியே தக்க தந்தை என அச்சிறுவர் எண்ணினார். அன்றுதொட்டு ஹனிபால் அவர்தம் கனவிற்குரிய வீரனானான்.

நெடுங்காலம் மாணாக்கர் நடுவே பழகிய யான் இந்நிகழ்ச்சியைச் சிறிதெனக் கொள்ளேன். அவமதிப்புற்றவர் தந்தை, சினம் பிறந்ததோ மைந்தரிடத்தில். செய்தவனிடம் செலுத்தப்படாத சினம் அழிந்துபோவதில்லை. ஒரு தலைமுறையினின்றும் மறுதலைமுறைக்குச் சொத்துப்போலச் சென்றுசேர்கின்றது. உள்ளே அடக்கப்பட்டது எங்கே செல்கின்றது என்பதே பிற்காலத்தில் பிராய்டு தம் வாழ்நாளைச் செலவிட்டு ஆராய்ந்த பொருளாயிற்று.

வைத்தியரும் ஆராய்ச்சியாளரும்

1873இல் வியன்னாப் பல்கலைக்கழகஞ் சேர்ந்த பிராய்டு, புரூக்கே என்னும் பேராசிரியரின் ஆய்வுகூடத்தில் நரம்புகளின் அமைப்பை ஆராய்வதிலேயே பல ஆண்டுகள் ஈடுபட்டிருந்து, 1881இல் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டில் மார்த்தா என்னும் நங்கையைத் திருமணத்துக்கு நிச்சயித்தார். ஆராய்ச்சியாற் குடும்பம் நடத்துதல் அரிதாகலின் பெரிய வைத்தியசாலையிற் பணிபுரியத் தொடங்கினார். 1885இல் பாரிஸ் சென்று, இஸ்டீரியா நோய்க்கு மனமே காரணமாதல் கூடுமெனக் காட்டிவந்த ஷார்கோவிடம் சிலகாலம் பயின்றார். 1886இல் வியன்னாவிலே தனியாக வைத்தியம் பார்க்கத் தொடங்கி, அவ்வாண்டிலேயே மார்த்தாவை மணந்தார். அவர்க்கு மக்கள் அறுவர்.

புரோயர் என்னும் மூத்த வைத்தியருடன் கூடி 1895இல் இஸ்டீரியா பற்றிய நூலை வெளியிட்டார். நோயாளர் மனம்போனபடி பேச, வைத்தியர் பொறுமையுடன் கேட்டு, அப்பேச்சினூடே மறைந்துகிடக்கும் நினைவுகளைக் கண்டறியும் உளப்பகுப்பு முறை படிப்படியாக உருவாயிற்று. 1896இல் தந்தையார் காலமானார். அத்துயரினூடே பிராய்டு தம்மையே நோயாளராகக் கொண்டு தங் கனவுகளை ஆராயலானார். அதன் பயனாகிய கனவுநூல் 1899ஆம் ஆண்டு நவம்பரில், 1900 என்னும் ஆண்டு பொறிக்கப்பெற்று வெளிவந்தது. தந்தையை நேசிக்கும் மகனுள்ளத்திலே தந்தையை அகற்றும் விருப்பமும் மறைந்துறைகின்றதென அந்நூல் கூறிற்று. இங்ஙனம் பகைமையை அவர் தொடக்கத்திலேயே கண்டார். ஆயினும் அதனை அன்பின் நிழலாகவும் போட்டியின் விளைவாகவும் கொண்டாரேயன்றித் தனியொரு பொருளாகக் கொண்டிலர்.

அவர்தம் குழுவினுள் ஒருவரான அட்லர், தாக்கும் வேட்கை மனிதனிடம் தனியே உளதென 1908இல் எடுத்துரைத்தார். பிராய்டு அதனை ஏற்கவில்லை. அடுத்த ஆண்டில், குதிரையைக் கண்டு அஞ்சிய ஐந்துவயதுச் சிறுவனொருவனின் நோயை விரித்தெழுதியபோது, அத்தகைய தனி இயல்பூக்கம் ஒன்றைக் கொள்ளவேண்டுவதில்லையென வெளிப்படையாகவே மறுத்தார். வேறு கருத்து வேற்றுமைகளும் கூட, 1911இல் அட்லர் பிரிந்தார். அவ்வாண்டின் இறுதியிலே சபீனா ஸ்பீல்றைன் என்னும் உருசிய நாட்டு இளம் பெண் வைத்தியர், ஆக்கத்தினுள்ளேயே அழிவும் அடங்கியுள்ளது என்னும் பொருள்பற்றி அக்குழுவின் முன் பேசினார். அதுவும் அன்று வரவேற்புப் பெறவில்லை. அழிவு நாட்டத்தைத் தாம் எதிர்த்து நின்றதை 1930இல் நினைவுகூர்ந்த பிராய்டு, எங்கும் பரந்துகிடந்த இப்பகைமையை எவ்வாறு காணாதொழிந்தோமென வியந்தெழுதினார். காணவிரும்பாததைக் கண் காண்பதில்லை என்னும் அவர்தம் கொள்கைக்கு அவரே சான்றாயினார்.

மகாயுத்தம்

1914இல் முதலாம் உலக மகாயுத்தம் மூண்டது. ஐம்பத்தெட்டு வயதினரான பிராய்டும் முதற் சிலநாள் ஒஸ்திரியப் பற்றினால் உந்தப்பட்டார். அவ்வெழுச்சி விரைவில் அடங்கிற்று. புதல்வர்கள் போருக்குச் சென்றனர். நாகரிகத்திற் சிறந்தனவெனத் தாம் போற்றிய நாடுகள் ஒன்றையொன்று கொன்றழித்தலைக் கண்டு, 1915இல் போரும் சாவும் பற்றி ஒரு கட்டுரை வரைந்தார். மனிதர் இவ்வளவு தாழ்ந்துவிட்டனரே என இரங்குதல் பொருந்தாது. அவர் நாம் எண்ணிய அளவுக்கு என்றும் உயர்ந்திருந்தாரல்லர் என்பதே அக்கட்டுரையின் சாரம். அரசானது தனிமனிதன் அநீதி செய்தலைத் தடுப்பது அநீதியை ஒழிக்கும் நோக்கினாலன்று. உப்பையும் புகையிலையையும் தன் தனிவாணிகமாகக் கொள்வதுபோல அதனையும் தனக்கேயுரிய தனிவாணிகமாக்கவே என்றும் அவர் கூறினார். அக்காலத்துக்கு இது மிகவுந் துணிந்த கூற்றாகும்.

போர்முனையினின்றும் மீண்ட வீரர் பலர் இரவுதோறும் அதே பதுங்குகுழியையும் அதே வெடியையும் கனவிற் கண்டு அலறினர். கனவு விருப்பத்தின் நிறைவு என்பது பிராய்டின் கொள்கை. இக்கனவில் எவ்விருப்பம் நிறைவுறுகின்றது? இவ்வினா அவரை வருத்திற்று. அவர்தம் மகள் சோபியின் குழந்தை ஒன்றரை வயதில் விளையாடிய விளையாட்டொன்றும் அவரைச் சிந்திக்கச் செய்தது. தாய் வெளியே சென்ற வேளையில், அக்குழந்தை நூல் கட்டிய மரச்சுருளைக் கட்டிலுக்கப்பால் எறிந்து மறையச் செய்து, பின் இழுத்துக் கண்டு மகிழும். தன்னைத் துன்புறுத்திய பிரிவைத் தானே மீண்டும் மீண்டும் நடத்திற்று. ஓராண்டு கழிந்தபின், ஒரு விளையாட்டுப் பொருளின்மீது சினம் வந்தால் அதனை எறிந்து, போருக்குப் போ என்னும். அதன் தந்தையார் அப்போது போர்முனையில் இருந்தார்.

இச்சிந்தனைகள் நூலாக உருப்பெற்றுவரும் காலத்தில், 1920 சனவரியில், ஹம்பேர்க் நகரிலிருந்த சோபி நச்சுக்காய்ச்சலால் திடீரென இறந்தார். புகைவண்டிகள் ஓடாமையின் பெற்றோர் இறுதிக்கிரியைக்கும் செல்ல இயலவில்லை. அவ்வாண்டிலேயே அந்நூல் வெளிவந்தது. மகளின் சாவே அதனை எழுதுவித்ததென உலகம் கூறுமென முன்னறிந்து, நூல் அதற்கு முன்னரே பாதி முடிந்திருந்ததற்குச் சான்று கூறுமாறு நண்பரொருவரைக் கேட்டுக்கொண்டார்.

அந்நூலின் கருத்தைச் சுருக்கிக் கூறுவேன். உயிர்களிடத்து இரண்டு ஊக்கங்கள் உள்ளன. ஒன்று வாழ்வூக்கம், அது பிரிந்தவற்றைக் கூட்டிப் பெருக்குவது. மற்றையது சாவூக்கம்; அது உயிரை மீண்டும் உயிரற்ற நிலைக்கே ஈர்ப்பது. சாவூக்கம் முழுவதும் உள்ளேயே செயற்படின் உயிர் தன்னைத் தானே அழித்துக்கொள்ளும். ஆதலின் அதன் ஒரு பகுதி புறத்தே திருப்பப்படுகின்றது. அதுவே பிறரைத் தாக்கும் வேட்கையாகின்றது. ஸ்பீல்றைன் தமக்கு முன்னரே இதன் பெரும்பகுதியைக் கூறியமையை அந்நூலின் அடிக்குறிப்பொன்றில் பிராய்டு ஒப்புக்கொண்டார். அப்பெண்மணி 1942இல் றொஸ்தோவ் நகரில் நாசிப் படையினராற் கொல்லப்பட்டார்.

1923ஆம் ஆண்டு இன்னுங் கொடியதாயிற்று. சோபியின் இளைய மகன், நாலரை வயதினன், சயரோகத்தால் இறந்தான். அவ்வாண்டிலேயே பிராய்டின் தாடையிற் புற்றுநோய் காணப்பட்டது. சுருட்டை ஒருநாளும் விடாதவர் அவர். அதன்பின் வாழ்ந்த பதினாறு ஆண்டுகளில் முப்பதுக்கும் மேற்பட்ட சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்டார். செயற்கை அண்ணம் பொருத்திய வாயுடன் பேசவும் உண்ணவும் வருந்திக்கொண்டே நோயாளரைப் பார்த்தும் நூல்கள் எழுதியும் வந்தார்.

நாகரிகத்தின் விலை

1930இல் வெளிவந்த நாகரிகமும் அதன் மனக்குறையும் பற்றிய நூலே இப்பொருளில் அவர்தம் முடிந்த முடிபைத் தருவது. மனிதன் அன்பையே நாடும் சாதுவான உயிரல்லன். அயலானைச் சுரண்டவும் இழிவுபடுத்தவும் வருத்தவும் கொல்லவும் அவனுள்ளம் தூண்டப்படுகின்றது. அயலானை உன்னைப்போல் நேசி என்னும் கட்டளை ஏன் பிறந்தது? அது மனித இயல்புக்கு மாறானதாகலினாலேயே பிறந்தது என அவர் காட்டினார். தனியுடைமையை ஒழித்தாற் பகைமை ஒழியுமென்று கூறிய பொதுவுடைமையாளர்க்கும் அவர் விடை கூறினார். உடைமை பகைமையின் கருவிகளுள் ஒன்றேயன்றி அதன் பிறப்பிடமன்று. குழந்தைகளின் விளையாட்டறையில் உடைமை தோன்றுமுன்னரே சண்டை தோன்றிவிடுகின்றது என்றார்.

இரண்டு கருத்துக்கள் அந்நூலில் என் உள்ளத்தைப் பெரிதுங் கவர்ந்தன.

முதலாவது, சிறு வேற்றுமைகளாற் பிறக்கும் பெரும்பகை. எட்டநிற்கும் அந்நியரைவிட, எல்லையால் அடுத்தும் பலவாற்றால் ஒத்தும் வாழும் சமூகங்களே ஒன்றையொன்று எள்ளிப் பகைக்கின்றன. ஸ்பானியரும் போர்த்துக்கேயரும், வடஜேர்மானியரும் தென்ஜேர்மானியரும், ஆங்கிலேயரும் ஸ்கொத்தியரும் அவர் காட்டிய உதாரணங்கள். தமக்குள் அன்பாற் பிணைந்த ஒரு கூட்டம், தன் பகைமையைச் செலுத்த வெளியே ஒருவர் கிடைக்குமளவும் அப்பிணைப்பை எளிதிற் காக்கின்றது. போர் நிகழ்ந்த ஆண்டுகளிலும், 2009இல் அது முடிந்த பின்னரும் வகுப்பறையில் நின்ற எனக்கு, இப்பகுதியை விளங்கிக்கொள்ள உரையாசிரியர் வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது, மனச்சான்று பிறந்த வரலாறு. தன்னைத் தடுக்கும் தந்தைமீது குழந்தைக்குச் சினம் எழுகின்றது. அவரன்பை இழக்கும் அச்சத்தால் அச்சினத்தைக் காட்டவியலாது. அது உள்ளே மீண்டு, தந்தையின் குரலை மேற்கொண்டு, குழந்தையையே கண்டிக்கத் தொடங்குகின்றது. அக்குரலே மனச்சான்று. பகைவனை அடித்திருக்கவேண்டிய கை தன்னையே அடிப்பதுபோன்றது இது. நாகரிகம் வளர வளரப் புறத்தே செலுத்தப்படாத பகைமை உள்ளே திரள்கின்றது. ஆகவே குற்றவுணர்ச்சியும் மிகுகின்றது. நாம் பண்பாடு என்று பெருமைப்படுவதற்கு நாம் செலுத்தும் விலை அதுவேயாகும். தண்டித்தே வளர்க்கப்பட்ட பிள்ளை மட்டுமன்றி, மென்மையாக வளர்க்கப்பட்ட பிள்ளையும் கடுமையான மனச்சான்றுடன் விளங்குதலை நாம் காண்கின்றோம். பிராய்டும் இதனைக் கவனித்தே எழுதினார்.

அவ்வாண்டில் பிராங்க்போர்ட் நகரம் அவர்க்குக் கெதே பரிசளித்துக் கௌரவித்தது. நோயினால் அவர் செல்லாமையின் மகள் அன்னா சென்று பெற்றுக்கொண்டார். 1931இல் அவர்தம் எழுபத்தைந்தாம் பிறந்தநாளையொட்டி, கல்கத்தாவில் உளப்பகுப்புச் சங்கத்தை நிறுவிய கிரீந்திரசேகர போஸ் முதலியோர் தந்தத்தாலான திருமாலின் திருவுருவொன்றை அனுப்பினர். அழிவாற்றலைப்பற்றி ஓயாதெழுதிய அவ்வறிஞரின் மேசைமீது காத்தற்கடவுளின் திருவுரு அமர்ந்திருந்தது.

ஐன்ஸ்டைனுக்கு விடை

1932ஆம் ஆண்டு யூலை மாதத்தில், சருவதேச சங்கத்தைச் சார்ந்த அறிவுத்துறை ஒத்துழைப்பு நிறுவனத்தின் வேண்டுகோட்கிணங்கி, ஐன்ஸ்டைன் பிராய்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். போர் என்னும் கேட்டினின்றும் மனிதகுலத்தை மீட்க வழியுண்டா என்பது அவர்தம் வினா. செப்டம்பரிலே பிராய்டு விடை வரைந்தார். சட்டம் என்பதும் தோற்றத்தில் வன்மையே. ஒருவனின் வன்மையைப் பலர்கூடி அடக்கியபோது அது சட்டமாயிற்று. ஆதலின் நாடுகளுக்கு மேலான நீதிமன்றமும், அதன் தீர்ப்பை நிறைவேற்றும் வலிமையும் வேண்டும். சருவதேச சங்கத்துக்கு அவ்வலிமை இல்லை. மனிதனுடைய தாக்கும் வேட்கையை அடியோடு களைதல் இயலாது. போராக வெடியாதவாறு அதனை வேறுவழியில் திருப்ப முயலலாம். மனிதரை மனிதரோடு பிணைப்பது எதுவாயினும் அது போருக்கு எதிரானதே. பிணைப்பு அன்பினாலும் உண்டாகும். நாம் ஒருவரையொருவர் ஒத்தவர் என்னும் உணர்ச்சியாலும் உண்டாகும். பண்பாட்டை வளர்ப்பன யாவும் போருக்கு எதிராகவே உழைக்கின்றன. இவையே அவ்விடையின் சாரம்.

இக்கடிதங்கள் 1933இல் அச்சேறியபோது ஹிட்லர் ஆட்சிபீடம் ஏறிவிட்டான். அவ்வாண்டு மே மாதம் 10ஆந் திகதி பேர்லினில் எரியூட்டப்பட்ட நூல்களுள் பிராய்டின் நூல்களும் இருந்தன. 1938 மார்ச்சில் ஜேர்மானியப் படை வியன்னாவுட் புகுந்தது. மகள் அன்னாவை இரகசியப் பொலிசார் ஒருநாள் பிடித்துச் சென்று விசாரித்து மாலையில் விடுத்தனர். நகரைவிட்டு அகல மறுத்துவந்த முதியவர் அதன்பின் இசைந்தார். மரீ பொனப்பார்ட் என்னும் அரசகுமாரியாரும் வேறு நண்பர்களும் பொருளாலும் செல்வாக்காலும் உதவ, யூன் 4ஆந் திகதி மனைவியுடனும் அன்னாவுடனும் வியன்னாவை நீங்கி இலண்டன் சேர்ந்தார். எழுபது கடந்த அவர்தஞ் சகோதரியர் நால்வர் வியன்னாவிலேயே தங்கினர். பின்னர் நால்வரும் நாசி முகாம்களில் மாண்டனர். அச்செய்தியை அறிய அவர் உயிருடனிருக்கவில்லை. இரண்டாம் உலக மகாயுத்தம் தொடங்கிய அம்மாதத்திலேயே, 1939 செப்டம்பர் 23ஆந் திகதி, தமது எண்பத்துமூன்றாம் வயதில் இலண்டனிற் காலமானார்.

பின்வந்தோர் கருத்து

பிராய்டின் கொள்கையை உளவியலார் அனைவரும் ஏற்றாரல்லர். அவர் மறைந்த அந்த 1939ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த டொலார்ட் முதலிய ஐவர், நாடியது தடைப்பட்ட ஏமாற்றமே தாக்குதலுக்குக் காரணம் எனக் கூறினர். 1961இல் பண்டூரா நடத்திய ஆய்வில், வளர்ந்தவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடித்து உதைத்ததைக் கண்ட பிள்ளைகள் தாமும் அவ்வாறே செய்தனர்; ஆகவே வன்செயல் கண்டு கற்கப்படுவதென்பது அவர் முடிபு. 1963இல் கொன்ராட் லோறன்ஸ், விலங்குகளின் நடத்தையை ஆதாரமாகக் கொண்டு, தாக்குதல் இயல்பூக்கமே என மீண்டும் வாதித்தார். போர் மனிதப் பிறவியிலேயே விதிக்கப்பட்டதன்று எனப் பலதுறை அறிஞர் 1986இல் செவில் நகரிற்கூடி அறிக்கை வெளியிட்டனர். சாவூக்கம் என்னும் கருத்தை இன்று உளவியலாருட் பெரும்பாலார் கொள்வதில்லை. சினத்தைக் கொட்டித் தீர்த்தால் அது தணியும் என்னும் பொதுவெண்ணத்துக்கும் ஆய்வுகள் துணைநிற்கவில்லை.

அங்ஙனமாயின் அவர் உழைப்பிற் எஞ்சுவது யாது? பகைமை அந்நியன் வீட்டிற் பிறப்பதன்று, நம் உள்ளத்திலும் பிறப்பது என்பதை அவர் தம்மையே சான்றாக்கிக் காட்டினார். தம்பியின் சாவை விரும்பிய இரண்டு வயதுக் குழந்தையையும், தந்தையின் அவமதிப்புக்காகப் பழிவாங்கக் கனவு கண்ட சிறுவனையும், போர் முரசு கேட்டு மயங்கிய ஐம்பத்தெட்டு வயது வைத்தியரையும் அவர் மறைத்தாரில்லை. பிறர்மீது நாம் காணும் கொடுமையில் எத்துணை நம்முடையது என வினவும் பழக்கத்தை அவர் உலகிற்குத் தந்தார். அவ்வினாவை எழுப்பத் தெரிந்தவன் கல்லெறியுமுன் ஒருகணமாவது தாமதிப்பான்.

வாழ்வூக்கமும் சாவூக்கமும் புரியும் போரில் வாழ்வூக்கம் தன்னை நிலைநாட்ட முயலுமென்னும் நம்பிக்கையுடனேயே அவர் 1930ஆம் ஆண்டு நூலை முடித்திருந்தார். மறு ஆண்டில், ஜேர்மனியில் ஹிட்லரின் கட்சி ஓங்கிவந்த வேளையில், இரண்டாம் பதிப்பின் இறுதியில் ஒருவரியைச் சேர்த்தார். வெற்றி யார்க்கென்பதை யாரே முன்னறிவார் என்பது அதன் பொருள். வெற்றி உறுதியென்று அவர் நமக்கு வாக்களிக்கவில்லை. பிணைப்பவற்றை வளருங்கள் என்று மாத்திரம் கூறிச் சென்றார். வகுப்பறையில் அயலயலே அமர்ந்து, சிறு வேற்றுமைக்காக முறைத்துக்கொள்ளும் இரு பிள்ளைகளை ஒரு புத்தகத்தைச் சேர்ந்து படிக்கச் செய்யும் ஆசிரியன், அவர் கூறிய பணியின் ஒரு சிறுபகுதியைச் செய்தவனாகின்றான் என்பதே என் துணிபு.